கழுத்துக் கட்டியின் பூர்வீகம்



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்துவேன் என்று புகார் சொன்னவர்கள்தானே நீங்கள். பொறுத்துக்கொள்வீர்கள்.

போன மாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. அங்கே என் வீட்டுக்காரரின் கழுத்துத் தழும்பையும் பஞ்சாக வெளுத்த மீசையையும் எல்லோரும் பார்த்தார்கள். அன்று முதல் போன் ஓயவில்லை. "ஐயாவுக்குத் தைராய்டு கேன்சராமே டீச்சர்" என்று 1994 செட் மாணவி ஒருத்தி கேட்டாள். "கணையத்துல வந்துடுச்சாமே அண்ணி, கணையம்னாலே ஆறு மாசம்னு சொல்றாங்களே" என்று என் நாத்தனார் அழுதார். "கிட்னியத்தான் அப்பவே எடுத்தாச்சே சித்தி, அப்புறம் என்ன?" என்று சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் கேட்டான்.

மூன்று பேரும் கேட்டது ஒரே நோயைப் பற்றித்தான். ஆனால் மூன்று பேர் மனதிலும் மூன்று நோய் இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவரே, "ஆளாளுக்கு ஒரு வியாதி சொல்றாங்க. நீயே உள்ளதை எழுதிப் போட்டுடு" என்றார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். எங்கள் செய்தி பாதி, பாடம் பாதி. இந்தப் பாடம் உங்களில் யாராவது ஒருவர் வீட்டில் என்றாவது உதவும்.

முதலில் செய்தி. அவருக்கு வந்தது சிறுநீரகப் புற்றுநோய். 2010-இல் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். பதின்மூன்று வருடம் கழித்து அதே நோய் தைராய்டில் வந்தது. அப்போது எடுத்த ஸ்கேனில் கணையத்திலும் இரண்டு சின்னப் புள்ளிகள் தெரிந்தன. தைராய்டில் இருந்ததை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. கணையத்தில் இருப்பதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வயலுக்குப் போய் வருகிறார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2010 ஆடி மாதம். சாப்பிட்டதும் வயிறு உப்புசமாக இருக்கிறது என்று தஞ்சாவூரில் வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனார். வயிற்றில் ஒன்றும் இல்லை. "இடது கிட்னியில் ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி இருக்கு" என்றார் ஸ்கேன் எடுத்த அம்மா. அவருக்கு வலி இல்லை, சிறுநீரில் ரத்தம் போகவில்லை, உடம்பு இளைக்கவில்லை. சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி என்று மூன்று அடையாளங்களைப் பழைய மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். இவை மூன்றும் சேர்ந்து வருவது பத்து நோயாளியில் ஒருவருக்குத்தான். இப்போதெல்லாம் சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் இப்படி வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அகப்படுகிறது.

திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. விலாவில் ஒரு சாண் நீளத் தழும்பு. பயாப்சி முடிவில் கிளியர் செல் வகை என்று வந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இந்த வகைதான். வேறு எங்கும் பரவவில்லை, கீமோ தேவையில்லை என்றார்கள். ஐந்து வருடம் தவறாமல் ஸ்கேனுக்குப் போனோம். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆறாம் வருடம், "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம், யூரின் பார்த்தால் போதும்" என்று டாக்டர் சொன்னார். அன்று அவர் எனக்குத் திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். நோய் அத்தோடு போயிற்று என்று அந்த அல்வாவோடு நம்பினோம்.

2023 ஐப்பசி. அடைமழை. சம்பா நடவு முடிந்து ஆள் விட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்த நேரம். சவரம் செய்யும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்றார். விழுங்கும்போது மேலும் கீழும் நகர்ந்தது. தைராய்டு என்று எனக்கே தெரிந்தது. அருகில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாக இருந்தது. ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். வெறும் ரத்தம்தான் வந்தது, செல் போதவில்லை என்று முடிவு. இரண்டாம் முறையும் அப்படியே. "சாதாரணக் கழலைதான், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். தைராய்டில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவைதான், ஆகவே அந்த வார்த்தையை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே கழுத்துக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை. முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கட்டி நிற்காமல் வளர்ந்தது. தை மாதம் தஞ்சாவூரிலேயே வேறொரு டாக்டரிடம் போனோம். என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் பார்த்தார். விலாத் தழும்பில் கையை வைத்து, "ஐயா, இது என்ன ஆபரேஷன்?" என்று கேட்டார்.

"கிட்னி எடுத்ததும்மா. அது ஆச்சு பதிமூணு வருஷம்" என்றார் இவர்.

"எதுக்காக எடுத்தாங்க?"

"கட்டி."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அந்த பயாப்சி பேப்பர் வீட்டுல இருக்குங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இருந்தது. விவசாயிகள் வீட்டில் பேப்பர் தொலையாது. பட்டா, சிட்டா, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், கந்தாய ரசீது எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதிலேயே மஞ்சள் பைக்குள் 2010 ஆம் ஆண்டின் மொத்தக் கோப்பும் இருந்தது. அதில் இருந்த எண்ணை வைத்துத் திருச்சியில் கேட்டபோது, அன்று எடுத்த சதையின் மெழுகுக் கட்டியும் கிடைத்தது. பயாப்சிக்கு எடுக்கும் திசுவை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். கேட்டால் கொடுப்பார்கள். இது பலருக்குத் தெரியாது.

தைராய்டின் ஒரு பாதியை எடுத்தார்கள். பழைய செல்லையும் புதிய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. கழுத்தில் இருந்தது தைராய்டு செல்லே இல்லை. சிறுநீரகச் செல்.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

நெஃப்ரான் படம் வரைந்து பாகம் குறித்தது நினைவிருக்கிறதா? பௌமானின் கிண்ணம், அதையடுத்து அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு. கிளியர் செல் புற்றுநோய் பிறப்பது அந்த அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில். அந்தச் செல்லுக்குள் கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறைந்திருக்கும். நுண்ணோக்கிக்குத் தயார் செய்யும்போது அவை கரைந்துபோய், செல் உள்ளே வெற்றாக, கண்ணாடி போலத் தெரியும். பெயருக்குக் காரணம் அதுதான். அந்தச் செல் கழுத்துக்குப் போனாலும், கணையத்துக்குப் போனாலும் அதே வெற்று உள்ளோடுதான் இருக்கும். தைராய்டு செல் என்றால் தைரோகுளோபுலின் என்ற புரதம் இருக்க வேண்டும். இவர் கழுத்துக் கட்டியில் அது இல்லை. சாயம் ஏற்றிச் சோதிக்கும்போது அது தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் பெயர் கேட்ட கையோடு "பூர்வீகம் எது?" என்று கேட்போம் இல்லையா? என் அக்கா மகன் சிங்கப்பூரில் இருபது வருடமாக இருக்கிறான். அதனால் அவன் பூர்வீகம் மாறிவிட்டதா? புற்றுநோயிலும் அப்படித்தான். பிறந்த உறுப்பை வைத்துத்தான் அதற்குப் பெயரும் வைத்தியமும். போய்த் தங்கிய உறுப்பை வைத்து முடிவு செய்தால் மருந்தே மாறிப்போகும். தைராய்டிலேயே பிறக்கும் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். இவருக்கு அதைக் கொடுத்தால் ஒரு பலனும் இருக்காது. சிறுநீரகச் செல் அயோடினை உறிஞ்சாது.

கணையத்தைப் பற்றி அழுதாரே நாத்தனார், அவருக்கும் இதையேதான் சொன்னேன். கணையத்திலேயே பிறக்கும் புற்றுநோய் மிகக் கொடியது, உண்மைதான். சிறுநீரகத்திலிருந்து வந்து கணையத்தில் தங்கியது வேறு நோய். சிறுநீரகப் புற்றுநோய் பரவியவர்களிலேயே கணையத்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் நன்றாக இருக்கிறார்கள் என்று மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கட்டி மெதுவாக வளரும் குணமுள்ளதாக இருக்கும். சிறுநீரகம் எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துக் கணையத்தில் தலைகாட்டுவதும் சகஜம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறுநீரகப் புற்றுநோயின் சொந்தப் பூர்வீகத்தையே மருத்துவ உலகம் வெகுகாலம் தவறாக எழுதி வைத்திருந்தது. 1883-இல் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய நோயியலாளர், இந்தக் கட்டி சிறுநீரகத்தில் பிறந்ததல்ல, மேலே தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் துணுக்கு சிறுநீரகத்துக்குள் சிக்கி வளர்ந்தது என்று சொன்னார். கொழுப்பு நிறைந்த செல்லைப் பார்த்து வந்த எண்ணம் அது. அதனால் 'ஹைப்பர்நெப்ரோமா' என்ற பெயர் நிலைத்தது. 1960-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் இது நுண்குழல் செல் என்று உறுதியானது. எழுபத்தேழு வருடம் தவறான ஊர்ப்பெயரோடு திரிந்த நோய் இது.

சரி, கழுத்துக்கு ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வியை அவர்தான் கேட்டார். "கிட்னி எங்க இருக்கு, கழுத்து எங்க இருக்கு?"

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்தே சுமார் 300 கிராம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவற்றின் வழியே போகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கல்லணையில் தலைமடை பிடித்த வயல். அங்கிருந்து கிளம்பும் ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. அதனால் சிறுநீரகப் புற்றுநோய் அதிகமாகப் பரவும் இடம் நுரையீரல். அடுத்து எலும்பு, நிணநீர்க் கணு, கல்லீரல், அட்ரினல், மூளை. இவை வழக்கமான இடங்கள். 1928-இல் ஜேம்ஸ் யூவிங் என்ற அமெரிக்க மருத்துவர், நோய் எங்கே தங்கும் என்பதை ரத்தம் ஓடும் வழிதான் முடிவு செய்கிறது என்று எழுதினார். வாய்க்கால் எங்கே போகிறதோ அங்கேதான் விதை ஒதுங்கும் என்பது போல.

அவருக்கு முன்பே, 1889-இல், லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். கல்லீரலுக்கும் போகிறது, மண்ணீரலுக்கும் போகிறது, ரத்தம் இரண்டுக்கும்தான் ஓடுகிறது. ஆனால் நோய் கல்லீரலில் தங்கிய அளவு மண்ணீரலில் தங்கவில்லை. ஓட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. விதை எல்லாப் பக்கமும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்றார் அவர்.

இதை நான் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். "இதுக்கு லண்டன் டாக்டர் வேணுமா? களர் மண்ணுல விதைச்சா அழுவிப் போவும், வண்டல்ல விதைச்சா மொளைக்கும். தண்ணியும் வேணும், மண்ணும் வேணும்." இன்றைய மருத்துவமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. யூவிங்கும் சரி, பேஜெட்டும் சரி.

தைராய்டு மிக அதிக ரத்த ஓட்டம் உள்ள சுரப்பி. ஆனாலும் மற்ற புற்றுநோய்கள் அங்கே வந்து தங்குவது அரிது. வேகமாக ஓடும் நீரில் விதை நிற்காது என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படித் தங்கி, கட்டியாக வெளியே தெரியும் அளவுக்கு வளர்வதில் முதலிடம் சிறுநீரகப் புற்றுநோய்க்குத்தான்.

இதோடு நிற்கவில்லை அதன் பயணம். மூக்கின் உட்பகுதி, சைனஸ் அறைகள், நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்குழி, தலைத் தோல், பித்தப்பை, எஞ்சியிருக்கும் மறுபக்கச் சிறுநீரகம் என்று எதிர்பாராத இடங்களில் எல்லாம் இது முளைத்திருக்கிறது. நம் நாட்டு மருத்துவ இதழ்களிலும் இப்படிப்பட்ட நோயாளிகளின் விவரங்கள் தொடர்ந்து வருகின்றன. மூக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் வடிகிறது என்று போவார், மூக்கில் இருப்பது சிறுநீரகச் செல்லாக இருக்கும். நுரையீரலைத் தொடாமல் தலைக்கும் முதுகெலும்புக்கும் போவதற்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி வால்வு இல்லாத சிரைகளின் பின்னல் ஒன்று உண்டு. 1940-இல் ஆஸ்கர் பேட்சன் என்பவர் அதை விளக்கினார். வால்வு இல்லாததால் ரத்தம் இரண்டு பக்கமும் போகலாம். கடைமடைப் பக்கம் வடிகாலில் கடல் நீர் எதிர்த்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பதின்மூன்று வருடம் அது எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "கோரை எங்க இருக்கும்? மேல அறுத்துட்டா வயல் சுத்தமாத்தான் தெரியும். கெழங்கு கீழ கெடக்கும்." ஒன்றிரண்டு செல்கள் அறுவைக்கு முன்பே போய் எங்கோ ஒதுங்கி, வளராமல் உறங்கிக் கிடக்கும். சிறுநீரகத்தில் மட்டும் இருந்த நோய்க்கு அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு அது திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள். ஆனால் பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. மற்ற பல புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் பெருமூச்சு விடலாம். இதில் பெருமூச்சு விடலாம், மறந்துவிடக் கூடாது.

மருந்துக்கு வருகிறேன். இந்த நோயில் சாதாரணக் கீமோ பெரிதாக எடுபடாது. கிளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில், மூன்றாம் குரோமோசோமில் இருக்கும் விஎச்எல் என்ற மரபணு கெட்டுப்போயிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் "புது ரத்தக் குழாய் போடு" என்று கூப்பாடு போட வேண்டிய ஒரு புரதத்தை, மற்ற நேரங்களில் அடக்கி வைப்பது அந்த மரபணுவின் வேலை. அது கெட்டுவிட்டால், தண்ணீர் தளும்பும் வயலில் நின்றுகொண்டே "காயுது, காயுது" என்று கத்திப் பக்கத்து வாய்க்காலை எல்லாம் வெட்டி இழுப்பது போல, கட்டி தன்னைச் சுற்றி ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவர் கழுத்தில் ஊசி வைத்த இரண்டு முறையும் வெறும் ரத்தம் வந்ததன் காரணம் இப்போது புரிகிறதா?

செல் ஆக்சிஜனை எப்படி உணர்கிறது என்பதைக் கண்டுபிடித்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கேலின் விஎச்எல் மரபணுவைத் துருவியவர். அந்த வாய்க்கால் வெட்டும் கட்டளையை அடைக்கும் மாத்திரைகள் 2005-இலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. சோராஃபெனிப், சுனிட்டினிப், பசோபானிப் என்று பெயர்கள். அதற்குப் பின் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே தூண்டிவிடும் நிவோலுமாப் போன்ற ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. யாருக்கு எது என்பது கட்டியின் வேகம், இடம், வயது, பணம் எல்லாம் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வது.

இவருக்குக் கணையத்தை அறுக்கலாமா என்று சென்னையில் இரண்டாம் கருத்துக் கேட்டோம். பெரிய அறுவை, இருப்பது ஒரே சிறுநீரகம், புள்ளிகள் மெதுவாக வளர்பவை. இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். 2024 சித்திரையிலிருந்து பசோபானிப் சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. விடிகாலை ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி. அறுபது வருடப் பழக்கமான அந்த ஐந்து மணிக் காபியை விட்டதுதான் அவருக்குப் பெரிய நோயாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ரத்த அழுத்தம் ஏறி அதற்கும் ஒரு மாத்திரை. கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் மீசையும் புருவமும் வெளுத்துவிட்டன. கல்யாணத்தில் எல்லோரையும் பயமுறுத்திய அந்த வெள்ளை மீசை நோயால் வந்ததல்ல, மருந்தால் வந்தது. முடிக்கு நிறம் தரும் வேலையை இந்த மருந்து தடுத்துவிடும். "டை வாங்கற காசு மிச்சம்" என்கிறார்.

கடைசி ஸ்கேனில் இரண்டு புள்ளிகளில் ஒன்று சுருங்கியிருக்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை. போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் அப்படி நினைக்கவில்லை. மாத்திரை ஒரு நாள் கேட்காமல் போகலாம், அப்போது அடுத்த மருந்து. கோரையோடு விவசாயம் செய்வது போல என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அடையாறுக்குப் போனீங்களா?" என்று பலர் கேட்டீர்கள். நம் பக்கத்தில் புற்றுநோய் என்றாலே அடையாறு என்றுதான் வாய் வரும். அதற்கும் நம் பக்கத்து ஆள்தான் காரணம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு பல வருடம் போராடி, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா அங்கேயே தங்கி வாழ்நாள் முழுவதும் வளர்த்தார். இன்று புற்றுநோய்க்கு வைத்தியம் தஞ்சாவூர், திருச்சியிலேயே நிறைய கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி வீட்டுப்பாடம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டிக்காகச் சிறுநீரகம் எடுத்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். பல் டாக்டரிடமும், கண் டாக்டரிடமும் சொல்லுங்கள். புதிதாக எங்கே கட்டி வந்தாலும், மூக்கில் ரத்தம் வடிந்தாலும், தலையில் ஆறாத முடிச்சு இருந்தாலும், விடாத எலும்பு வலி இருந்தாலும் "பழைய நோயாக இருக்குமா?" என்ற கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பயப்படச் சொல்லவில்லை. பெரும்பாலும் அது வேறு சாதாரண விஷயமாகவே இருக்கும். கேட்டு இல்லை என்று தெரிந்துகொள்வது நிம்மதி.

பயாப்சி பேப்பரை நிலப் பத்திரத்தோடு வையுங்கள். போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், மூட்டு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி மாத்திரை போடக் கூடாது. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்க்கச் சொல்ல வேண்டும். அன்போடு லேகியமும், சூரணமும், முள்சீத்தா இலைப் பொடியும் அனுப்பிய உறவுகளுக்கு நன்றி. அத்தனையும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவர் சாப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தை அந்த ஒரே சிறுநீரகத்தின் தலையிலும், ஏற்கனவே மாத்திரையைச் சமாளிக்கும் கல்லீரலின் தலையிலும் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

என் மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று. "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். நம் ஊர்ப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் கேட்க வேண்டும். தழும்பைப் பார்த்தால் அதன் கதையைக் கேளுங்கள். அந்தப் பெண் டாக்டர் கேட்டதால்தான் நான் இதை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வருபவர்கள் தாராளமாக வாருங்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வராதீர்கள். நோயைப் பற்றிக் கேட்கலாம், அவரே விளக்கமாகச் சொல்வார். இப்போது என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறார். மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவார். காலை ஐந்திலிருந்து ஆறுக்குள் மட்டும் வர வேண்டாம். காபி கொடுக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்